முப்பது மில்லிக்குக் கீழே

ஜூலை 7, திங்கள்

அம்மா இன்று வீட்டுக்கு வந்துவிட்டாள்.

போன வருஷத்து அறிவியல் செய்முறை நோட்டில் பின்பக்கம் நிறையக் காலியாக இருக்கிறது. அதில் எழுதுகிறேன். எல்லோரும் தூங்கியாயிற்று. அடுக்களையில் சாமி படத்துக்கு முன்னால் எரியும் சின்ன பல்பு போதும். நோட்டை அரிசிச் சாக்குக்குப் பின்னால் வைத்துக்கொள்வேன். அங்கே கரப்பான் பூச்சி இருக்கும், யாரும் கையை விடமாட்டார்கள்.

போன புதன்கிழமை தூத்துக்குடியில் ஆபரேஷன். கட்டியை எடுத்துவிட்டார்கள்.

மேலே எழுதியது பாதிதான் உண்மை. தெருவில் யார் கேட்டாலும் அப்படிச் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். இந்த நோட்டை யாரும் பார்க்கப்போவதில்லை என்பதால் முழுசாக எழுதுகிறேன். அம்மாவின் இடது மார்பையே எடுத்துவிட்டார்கள்.

அக்குளுக்குக் கீழே ஒரு ரப்பர் குழாய் வெளியே வருகிறது. அதன் முனையில் அமுக்கினால் சுருங்குகிற பிளாஸ்டிக் பாட்டில். உள்ளே ஊறுகிற நீர் அதில் வந்து சேரும். பாட்டிலை ஒரு துணிப்பையில் போட்டு நைட்டியில் ஊக்கு குத்தி மாட்டியிருக்கிறார்கள். தினமும் காலை ஆறு மணிக்கு அதை அளந்து எழுதவேண்டியது என் வேலை. அப்பா பேக்கரிக்கு நாலு மணிக்கே போய்விடுவார். அம்மாவோ அந்தப் பக்கம் திரும்பவே மாட்டேன் என்கிறாள்.

ஆஸ்பத்திரியில் ஜெபமணி சிஸ்டர் இரண்டு தடவை செய்துகாட்டினார். "மூடியத் தொறந்து இந்த அளவு டம்ளர்ல ஊத்து. டம்ளர கைல பிடிச்சிட்டுப் பாக்கக் கூடாது, மேசைல வச்சிட்டுக் குனிஞ்சு பாரு. கண்ணுக்கு நேரா கோடு வரணும். பெறவு பாட்டில அமுக்கிட்டு மூடு. தொடர்ந்து ரெண்டு நா முப்பது மில்லிக்குக் கீழ வந்தா கூட்டிட்டு வா, குழாய எடுத்துருவோம்."

ஒரு தாள் கொடுத்திருக்கிறார். தேதி, மில்லி, வலி என்று மூன்று கட்டம். வலியைப் பத்துக்கு எவ்வளவு என்று அம்மாவிடம் கேட்டு எழுத வேண்டுமாம்.

"எம் பொண்ணு சரியா அளப்பா சிஸ்டர்" என்று அம்மா சொன்னாள். ஆஸ்பத்திரியில் அவள் சத்தமாகப் பேசியது அது ஒன்றுதான். அம்மா ரேஷன் கடையில் பதினாறு வருஷமாக எடை போடுகிறாள். சாக்கின் எடையைக் கழித்துத்தான் அரிசி போடுவாள். தட்டில் ஒரு கரண்டி சீனி கூடிவிட்டாலும் திரும்ப அள்ளிவிடுவாள். அம்மா பெயரைச் சேர்த்து 'பிரம்மசக்தி தராசு' என்று ஆறுமுகநேரியில் எல்லோரும் கேலி செய்வார்கள். குறைத்தாள் என்று மட்டும் ஒருத்தரும் சொன்னதில்லை.

ஜூலை 8, செவ்வாய்

110. வலி 2.

நன்னாரி சர்பத் நிறம். டம்ளரில் ஊற்றும்போது சூடாக இருந்தது. அது சூடாக இருக்கும் என்று நான் யோசித்திருக்கவே இல்லை.

கழுவி வைத்துவிட்டுப் பின்வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். நேற்று ராத்திரி சாப்பிட்ட பூரி ஒத்துக்கொள்ளவில்லை.

"ஏட்டி கனி, வாந்தி எடுத்தியா?"

"இல்லம்மா, பூரி எண்ணெ. காறித் துப்பினேன்."

அம்மா சன்னலைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஜூலை 9, புதன்

70. வலி 2.

ஒரே நாளில் நாற்பது குறைந்துவிட்டது! நிறமும் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. நான் எழுந்தபோது குளிமுறித் தரை ஈரமாக இருந்தது. ராத்திரி பையை இடது தோளில் குத்தியிருந்தேன், காலையில் ஊக்கு வலது தோளில் இருந்தது. கேட்டால், "தூக்கத்துல உறுத்துச்சு, மாத்திக் குத்தினேன்" என்கிறாள். தூக்கத்தில் யாராவது ஊக்கு குத்துவார்களா?

பீரோ கண்ணாடியை மறைத்து அம்மா அப்பாவின் துண்டைத் தொங்கவிட்டிருக்கிறாள். அப்பா ஒன்றும் கேட்காமல் கைக்கண்ணாடியைச் சன்னலில் சாத்திவைத்துச் சவரம் செய்கிறார்.

ஜூலை 10, வியாழன்

62. வலி 2.

ஜூலை 11, வெள்ளி

58. வலி 2 என்றுதான் தாளில் எழுதினேன். ஆனால் தலையணை உறையின் ஒரு மூலை முழுக்கப் பல் பதிந்திருக்கிறது.

சாயங்காலம் பக்கத்து வீட்டுத் தங்கபுஷ்பம் அத்தை ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார்கள். நல்ல அத்தைதான். ஆனால் பேசி முடிக்கிற வரைக்கும் கண்ணை அந்தப் பையிலேயே வைத்திருந்தார்கள்.

"என்ன பிரம்மு, அது என்னளா தொங்குது?"

"ஆஸ்பத்திரில குடுத்தது."

"நெறைய ரத்தம் போச்சோ?"

அம்மா துண்டை எடுத்து மேலே போர்த்திக்கொண்டாள். அத்தை போன பிறகும் எடுக்கவில்லை. அப்பா அடி கருகின பன் நாலு கொண்டுவந்தார். கருகின பன்தான் அம்மாவுக்குப் பிடிக்கும் என்று கடையில் எடுத்து வைப்பார். "சாப்புடேன், காஞ்சுரும்லா" என்று இரண்டு தடவை சொன்னார். அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அப்பா அந்தப் பன்னைக் கையில் வைத்துக்கொண்டே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

ஜூலை 12, சனி

50. வலி 2.

மத்தியானம் அம்மா வலது கையை நைட்டிக்குள் விட்டு எதையோ தேடுவதுபோலத் தடவினாள். கட்டுக்கு மேலே கை போகும், நிற்கும், திரும்பும்.

"என்னம்மா?"

"அரிக்கி."

"எங்க?"

"அது இருந்த எடத்துல. இப்ப இல்லாத எடத்துல போயி அரிக்கி. எங்கன்னு சொறிய?"

சொல்லிவிட்டு அவளே கொஞ்சம் சிரித்தாள். பிறகு முகத்தை மூடிக்கொண்டாள்.

ஜூலை 13, ஞாயிறு

47. வலி 2.

காலையில் அம்மா துண்டு தொங்கும் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு தலைசீவச் சொன்னாள். பதினோரு நாளாகத் தலைக்கு ஊற்றவில்லை. சிக்கு எடுத்துக்கொண்டிருக்கும்போது மெதுவாகச் சொன்னாள்: "இந்தக் குழா மட்டும் போயிட்டா நான் பழையபடி ஆயிருவேன்ட்டி. இது தொங்குத வரைக்கும் என்னய என்னால மனுஷின்னே நெனைக்க முடியல."

கணக்குப் பாடத்தில் ஒன்றும் ஏறவில்லை. 47க்கும் 30க்கும் இடையில் வெறும் பதினேழு.

ஜூலை 14, திங்கள்

உண்மையான அளவு: 45.
தாளில் எழுதியது: 28.

நான் எழுதிவிட்டேன். பேனா தானாகப் போகவில்லை. யோசித்துத்தான் எழுதினேன். 29 என்றால் சந்தேகம் வரும் என்று 28 போட்டேன்.

"எவ்வளவுட்டி?" என்று அம்மா கேட்டாள்.

"இருபத்தெட்டு."

அம்மா சட்டென்று திரும்பிப் பார்த்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். ஏதோ கணக்குப் போடுகிறவள்போல என் முகத்தையே பார்த்தாள். பிறகு "சரி" என்றாள்.

ஜூலை 15, செவ்வாய்

உண்மை: 42. தாளில்: 25.

அப்பா தாளை வாங்கிப் பார்த்துவிட்டு என் தலையில் கை வைத்தார். அவர் கையில் எப்போதும் மைதா வாசனை இருக்கும். எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

ஜூலை 16, புதன்

குழாயை எடுத்துவிட்டார்கள். ஆபரேஷன் செய்த டாக்டரம்மா தாளைப் பார்த்து, "கையெழுத்து அழகா இருக்கே" என்றார்.

ஜூலை 17, வியாழன்

அம்மா தலைக்கு ஊற்றினாள். கட்டு நனையாமல் நான்தான் ஊற்றிவிட்டேன். மூன்று வாளி. ஈரத்தலையோடு வாசலில் நின்று தங்கபுஷ்பம் அத்தையை அவளே கூப்பிட்டாள். "என்னக்கா, அன்னைக்கு ஆரஞ்சு தந்திய, அதுக்குப் பெறவு ஆளையே காணும்!"

நான் செய்தது தப்பில்லை.

ஜூலை 18, வெள்ளி

தப்பில்லை என்று நேற்று எழுதியதை இப்போது படித்தேன். தப்பில்லை என்றால் ஏன் அரிசிச் சாக்குக்குப் பின்னால் ஒளித்துவைக்கிறேன்?

ஜூலை 19, சனி

அம்மா இடது பக்கம் கையை ஒட்டவைக்காமல் விரித்து நடக்கிறாள். சாயங்காலம் தண்ணீர்க் குடத்துக்குக் குனியும்போது பார்த்தேன். நைட்டிக்கு உள்ளே, தட்டையாக இருந்த இடத்தில், ஏதோ புடைத்திருக்கிறது.

ஜூலை 20, ஞாயிறு

பெரிசாகிவிட்டது. உள்ளே தண்ணீர் ஆடுவதுபோல இருக்கிறது என்று அம்மா அப்பாவிடம் சொன்னது கேட்டது. "நாளைக்கு மொத பஸ்ஸுக்குப் போயிருவோம்" என்று அப்பா சொன்னார். "கட்டி திரும்ப வந்துட்டோ?" என்று அம்மா கேட்டாள்.

வெளியே வரவேண்டிய நீர் அது. நான் வரவிடவில்லை. நாளுக்கு நாற்பது என்றாலும் நாலு நாளில் நூற்றறுபது. அவ்வளவும் உள்ளேயே ஊறியிருக்கிறது. சீழ் பிடித்தால் என்ன ஆகும் என்று அறிவியல் புத்தகத்தில் தேடினேன். எதுவும் இல்லை.

முருகா, அம்மாவுக்கு ஒன்றும் ஆகக்கூடாது. எனக்கு என்ன வேண்டுமானாலும் செய்.

ஜூலை 21, திங்கள்

பள்ளிக்கூடம் போகவில்லை. நானும் வருவேன் என்று பஸ் ஸ்டாப்பில் அழுது நின்றேன். அப்பா கூட்டிக்கொண்டு போனார்.

டாக்டரம்மா அமுக்கிப் பார்த்துவிட்டு அப்பாவை மருந்து வாங்க அனுப்பினார். ஜெபமணி சிஸ்டர் பெரிய ஊசிக்குழலை எடுத்தார். அதில் அந்த நன்னாரி நிறம் ஏற ஆரம்பித்தது. ஒரு குழல் நிறைந்தது. இரண்டாவது குழல். மூன்றாவது குழலும் பாதி ஏறியது.

"நான்தான்" என்றேன். "நான்தான் பொய்யா எழுதினேன். முப்பதுக்குக் கீழ வரல. நாப்பத்தஞ்சு. இருபத்தெட்டுன்னு எழுதினேன். எங்க அம்மா செத்துருவாங்களா?"

சிஸ்டரின் கை ஒரு நொடி நின்றது. அம்மா கண்ணை மூடிப் படுத்திருந்தாள். இமைக்குள் கண் அசைந்தது தெரிந்தது.

டாக்டரம்மா என்னை அடிப்பார் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்து என் உயரத்துக்கு உட்கார்ந்தார். "இங்க பாரு. இது நீர் கட்டுறது. குழாயைச் சரியான நேரத்துல எடுத்தவங்களுக்கும் கட்டும். ரெண்டு மூணு தடவை ஊசியில எடுத்தா நின்னுடும். பழைய கட்டி திரும்பி வரல. புரியுதா? இன்னொரு தடவை சொல்லவா?"

"சொல்லுங்க" என்றேன். இன்னொரு தடவை சொன்னார்.

"ஆனா ஒண்ணு. உங்க வீட்டுல நான் இல்ல. நீ எழுதுற நம்பர வச்சுத்தான் நான் முடிவு பண்றேன். அது பொய்யா இருந்தா நான் கண்ணக் கட்டிக்கிட்டு வைத்தியம் பாக்கிறேன்."

சிஸ்டர் புதுத்தாள் ஒன்றை நீட்டினார். அம்மா எழுந்து உட்கார்ந்தாள். என்னைப் பார்க்கவே இல்லை.

திரும்பி வரும்போது அப்பாவுக்கு முன்பக்கம் இடம் கிடைத்தது. அம்மாவும் நானும் பின்னால், இரண்டு பேர் சீட்டில்.

"அளவுல பொய் சொல்லலாமாட்டி?" என்றாள் அம்மா. "வேற எதுல வேணா சொல்லு. அளவுல?"

நான் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பழையகாயல் உப்பளம் முழுக்கத் தாண்டிற்று. பாலம் வந்தபோது கேட்டாள்.

"நாப்பத்தஞ்சுன்னு அங்க சொன்னியே, அது நெசமா?"

"சத்தியமா. கண்ணுக்கு நேரா வச்சுப் பாத்தேன்."

"அதுவும் தப்புதான்."

எனக்குப் புரியவில்லை.

"எழுவது இருந்திருக்கும்" என்றாள். முன் சீட்டின் முதுகைப் பார்த்தே பேசினாள். "மொத நா பின்வாசல்ல போயி நின்னியே, நான் சன்னல் வழியா பாத்துட்டுத்தான் கெடந்தேன். கொடலே வெளிய வந்துரும்போல எடுத்த. கேட்டா பூரி மேல பழியப் போடுத. அதான் மறுநாள்லேருந்து, நீ எந்திரிக்கதுக்கு முந்தி குளிமுறிக்குப் போயி பாதிய ஊத்திட்டு வந்து படுத்துக்கிடுவேன். கொஞ்சமா இருந்தா உனக்குப் பயம் இருக்காதுல்லா."

"நீ அதப் பாக்கவே மாட்டியேம்மா?"

"பாத்தா ஊத்தினேன்? கண்ண மூடிட்டுத்தான். பாதி என் காலுலதான் விழும். தெனமும் இருட்டுல கால் கழுவிட்டு வந்தேன்."

ஈரத்தரை. மாறிப்போன ஊக்கு. எல்லாம் இந்த நோட்டிலேயே இருக்கிறது. எழுதிய எனக்குத்தான் தெரியவில்லை.

"நீ இருபத்தெட்டுன்னு சொன்னப்ப எனக்கு ஒரு கணக்கு இடிச்சுது" என்றாள். "அன்னைக்கு நான் ஊத்தினது இருபத்தஞ்சாவது இருக்கும். ரெண்டையும் கூட்டினா அம்பதத் தாண்டுதே, குழாய எடுக்கலாமான்னு யோசிச்சேன். சொன்னா நான் ஊத்தினது தெரிஞ்சிரும். குழாயும் தொங்கிட்டே கெடக்கும். வாயப் பொத்திக்கிட்டேன். ஆக உம்மேல மட்டும் தப்பில்ல."

கொஞ்ச நேரம் கழித்து அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாள் என்று பயந்து எட்டிப் பார்த்தேன். சிரிக்கிறாள்.

"பதினாறு வருசம், ஊருக்கு ஒரு கிராம் கொறச்சதில்ல. சொந்த வீட்டுல வச்சு ஆத்தாளும் மவளும் கள்ளத் தராசு பிடிச்சிருக்கோம்."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முன் சீட்டிலிருந்து ஒரு பெண் திரும்பிப் பார்த்தார். "ஏட்டி, போதும், சிரிக்க வைக்காத. தையல் இழுக்கி" என்று அம்மா பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். பிறகு வலது கையால் என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஆத்தூர் வரும்போதும் விடவில்லை.

"அப்பாட்ட சொல்லணுமா?"

"நான் சொல்லிக்கிடுதேன். டாக்டரம்மாட்டயும் நான் ஊத்தினத நானே சொல்லுதேன்."

ஜூலை 24, வியாழன்

இரண்டாவது ஊசி. முதல் தடவை வந்ததில் பாதிதான் வந்தது. அம்மா தன் பங்கை டாக்டரம்மாவிடம் சொன்னாள். டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு முகம் மாறிச் சொன்னார்: "தையல் இடத்தைத் தினமும் நீங்களே பாக்கணும். சிவப்பா இருக்கா, சூடா இருக்கான்னு. வேற யாரையும் பாக்க விட்டுட்டு நீங்க சுவரைப் பாக்கக் கூடாது."

"சரி" என்று அம்மா சொன்னாள். அது எந்தச் 'சரி' என்று எனக்குத் தெரியும்.

ஜூலை 25, வெள்ளி

பார்க்கவில்லை.

ஜூலை 26, சனி

பார்க்கவில்லை. வலி 2 என்றாள். கணக்குப் பரீட்சையில் எனக்கு 31.

ஜூலை 27, ஞாயிறு

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா அறைக்கதவைச் சாத்தினாள். "அப்பா சவரக் கண்ணாடிய எடுத்துட்டு வா" என்றாள்.

கட்டிலில் உட்கார்ந்து நைட்டியின் முன்பக்கத்தைத் திறந்தாள். கண்ணை இறுக்கி மூடியிருந்தாள்.

"மொதல்ல நீ பாத்துச் சொல்லு. கூட்டவும் கூடாது, கொறைக்கவும் கூடாது. உள்ளது உள்ளபடி."

நான் பார்த்தேன். டம்ளரைப் பார்ப்பதுபோலக் குனிந்து, கண்ணுக்கு நேராக வைத்துப் பார்த்தேன்.

"நெஞ்சு நடுவுலேருந்து அக்குள் வரைக்கும் ஒரு கோடு. நேரா இல்ல, கடைசில மேல ஏறுது. ரெண்டு பக்கமும் புள்ளி புள்ளியா இருக்கு."

"எத்தன?"

எண்ணினேன். "மேல பதினெட்டு. கீழ பதினேழு."

"ஒண்ணு கொறையுதே."

"இல்ல, பதினெட்டு. மடிப்புல ஒண்ணு ஒளிஞ்சிருக்கு. குழா இருந்த எடத்துல ஒரு சின்ன வட்டம். செவப்பு இல்ல." புறங்கையை வைத்துப் பார்த்தேன். "சூடும் இல்ல. மத்தபடி தட்டையா இருக்கு. எலும்பு தெரியுது."

"அசிங்கமா இருக்கா?"

இல்லை என்று வாய்வரை வந்துவிட்டது.

"கொஞ்சம் இருக்கும்மா. ஆனா நான் நெனச்ச அளவுக்கு இல்ல."

"எவ்வளவு நெனச்சிருந்த?"

"பத்துக்குப் பத்து."

"இப்ப?"

"நாலு."

அம்மா மூச்சு விட்டாள். கண்ணாடியை என் கையிலிருந்து வாங்கினாள். கண்ணைத் திறந்தாள்.

ரொம்ப நேரம் பார்த்தாள். கண்ணாடியை மேலே, கீழே, அக்குள் பக்கம் என்று நகர்த்தினாள். கண்ணீர் வழிந்து தாடையிலிருந்து சொட்டியது, துடைக்கவில்லை. நான் துடைக்கப் போனேன், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"அஞ்சு" என்றாள் கடைசியில். "நாலு இல்ல. நீ எனக்காக ஒண்ணு கொறச்சிருக்க."

"சரி, அஞ்சு."

நைட்டியைப் பூட்டிவிட்டேன். பிறகு சிஸ்டர் கொடுத்த தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். வலிக் கட்டத்தில் முதல் தாளிலும் இந்தத் தாளிலும் மேலிருந்து கீழே வரை இரண்டு, இரண்டு, இரண்டு.

"இப்ப நீ சொல்லு. கூட்டாம, கொறைக்காம."

"ரெண்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். தாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"பகல்ல ஆறு" என்றாள். "ராத்திரி எட்டு. கையெல்லாம் மரத்து, இல்லாத எடம் பூரா ஊசி குத்துதமாதிரி. சில நா ஒம்பது."

நான் எழுதினேன். 6. 8. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 9. பெரிய எண்கள். அம்மா தாளை வாங்கி, தராசு முள்ளைப் பார்க்கிற மாதிரி தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தாள். நாளை ஊசிக்குப் போகும்போது இதை டாக்டரம்மாவிடம் காட்டவேண்டும். இதற்கு மருந்து இருக்குமாம். எண் தெரிந்தால்தான் கொடுப்பார்களாம்.

பீரோ கண்ணாடியில் துண்டு அப்படியேதான் தொங்குகிறது. நான் எடுக்கவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து குரல் வருகிறது.

"ஏட்டி கனி. அந்த மினுக்கு பல்புல எழுதாத, கண்ணு கெட்டுரும். பெரிய லைட்டப் போடு."

அப்படியென்றால் நான் எழுதுவது அம்மாவுக்கு இத்தனை நாளும் தெரியும்.

"தூங்கலையாம்மா?" என்றேன்.

"இல்ல."

"எவ்வளவு?"

"எட்டு."

பெரிய லைட்டைப் போட்டுவிட்டேன். நோட்டை இன்று சாக்குக்குப் பின்னால் வைக்கவில்லை. அவளுக்கு வலது பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்ளப் போகிறேன்.